கைரேகை போகும் வழி: அமெரிக்கப் பொலிஸும் குடிவரவு அதிகாரிகளும் - வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மகன், தம்பி, மருமகன் என்று யாரையாவது வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் இப்போது ஒரே பதற்றம்தான்: "பொலிஸ் பிடிச்சதாம், பிறகு இமிகிரேஷன் கொண்டு போட்டுதாம்." இரண்டுக்கும் நடுவில் சில மணித்தியாலங்கள், சில வேளை சில நாட்கள் இருக்கின்றன. கொழும்பில் இருந்துகொண்டே செய்யக்கூடியவையும், செய்யவே கூடாதவையும் அந்த இடைவெளிக்குள்தான் அடங்கியிருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகன் நியூஜேர்சியில் இருக்கிறான். அசைலம் (அரசியல் தஞ்சம்) கேஸ் இன்னும் முடியவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கார் ஓடினதுக்குப் பொலிஸ் மறித்ததாம். தெருவில் நிற்கிற பொலிஸ் எப்படி வீசா விஷயத்தில் கை வைக்கலாம்? அடுத்த முறை மறித்தால் நேரே நாடு கடத்திவிடுவார்களா?
*- ஒரு தாய், வெள்ளவத்தை*

இலங்கையில் பொலிஸ் ஒன்றுதான். வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையமும் பருத்தித்துறைப் பொலிஸ் நிலையமும் ஒரே பொலிஸ் மா அதிபருக்குக் கீழே வருகின்றன. பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய நமக்கு, பொலிஸ் என்றாலே அரசாங்கம் முழுவதும் என்ற நினைப்பு வருவது இயல்பு. அமெரிக்காவில் அப்படியல்ல. நகரப் பொலிஸ் நகரசபைக்குக் கீழே இயங்குகிறது. கவுண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டம் போன்றது. அதன் சிறையைப் பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த ஷெரிப் நடத்துகிறார். குடிவரவுச் சட்டம் மட்டும் மத்திய அரசுக்குரியது. அதை நடைமுறைப்படுத்துவது 'ஐஸ்' என்று எல்லோரும் சொல்லும் குடிவரவு, சுங்க அமுலாக்க முகவரகம். மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்கு வலிந்து இழுக்க முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பொலிஸும் ஐஸும் சேர்ந்து வேலை செய்வது எங்கும் ஒரே மாதிரி இல்லை. அது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும்.

ஆனால் ஒரு விஷயம் எங்கும் ஒன்றுதான். அது கைரேகை. கைதானவரைச் சிறையில் பதிவு செய்யும்போது எடுக்கும் பத்து விரல் ரேகையும் எப்.பி.ஐ. தரவுத்தளத்துக்குப் போகிறது. அங்கிருந்து தானாகவே, ஐஸ் இயங்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தரவுத்தளத்துக்கும் போகிறது. 2008இல் டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2013க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. ஐஸுடன் ஒத்துழைக்காத நகரமும் இந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது. வீசா எடுக்கும்போது கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் கொடுத்த ரேகை, விமான நிலையத்தில் கொடுத்த ரேகை, அசைலத்துக்காகக் கொடுத்த ரேகை எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஆள் யார் என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

உங்கள் மகன் விஷயத்தில் முதலில் அறிய வேண்டியது இது: அவருக்குத் தண்டப்பணத் துண்டு மட்டும் கொடுத்தார்களா, அல்லது நிலையத்துக்குக் கொண்டுபோய் ரேகை எடுத்தார்களா? துண்டு மட்டும் என்றால் ரேகை போகவில்லை. அந்தத் துண்டில் உள்ள நீதிமன்றத் திகதிக்குத் தவறாமல் போகச் சொல்லுங்கள். போகாவிட்டால் பிடியாணை பிறக்கும். அடுத்த முறை மறிக்கும்போது துண்டோடு விடமாட்டார்கள், ரேகை எடுப்பார்கள்.

நியூஜேர்சியில் 2018இல் சட்டமா அதிபர் பிறப்பித்த பணிப்புரை, பாரதூரமான குற்றச்சாட்டு உள்ளவர்களையும் இறுதி அகற்றல் கட்டளை உள்ளவர்களையும் தவிர மற்றவர்களை ஐஸுக்காகத் தடுத்து வைக்கப் பொலிஸுக்கு இடம் கொடுப்பதில்லை. இதில் "இறுதி அகற்றல் கட்டளை", அதாவது நாடு கடத்தச் சொல்லும் இறுதி உத்தரவு, என்பதைக் கவனியுங்கள். பலர் மாட்டுவது இங்கேதான். வீடு மாறுகிறார்கள், முகவரி மாற்றத்தை அறிவிப்பதில்லை, நீதிமன்றக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது. வழக்கு நாளில் ஆள் இல்லை என்றதும் நீதிபதி அவர் இல்லாமலே அகற்றல் கட்டளை போட்டுவிடுகிறார். அந்தக் கட்டளையை ஐஸ் பொலிஸாரின் தேசியக் கணினியில் பதியலாம். அதன்பின் ரேகை எடுக்காமல் பெயரை மட்டும் தட்டினாலே சிவப்பு விளக்கு எரியும்.

வீடு மாறினால் குடிவரவு நீதிமன்றத்துக்கு 5 நாட்களுக்குள் ஈ.ஓ.ஐ.ஆர்-33 படிவத்தால் அறிவிக்க வேண்டும். குடியுரிமை, குடிவரவுச் சேவைக்கு 10 நாட்களுக்குள் ஏ.ஆர்-11 படிவம். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்கள், ஒன்றுக்குக் கொடுத்தது மற்றதற்குப் போகாது. உங்கள் மகனின் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறதா, கட்டளை ஏதும் விழுந்திருக்கிறதா என்று குடிவரவு அதிகாரிகள் அவருக்குக் கொடுத்த 9 இலக்கக் கோப்பு எண்ணான 'ஏ' இலக்கத்தைக் கொண்டு நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் இன்றைக்கே பார்க்கலாம். கொழும்பிலிருந்தும் பார்க்கலாம். அறிவித்தல் கிடைக்காமலே கட்டளை விழுந்திருந்தால் எந்தக் காலத்திலும் வழக்கை மீளத் திறக்கக் கேட்கலாம். நோய், விபத்து போன்ற விதிவிலக்கான காரணத்தால் போக முடியாமற் போயிருந்தால் 180 நாட்களுக்குள் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் போட்டவுடன், குடிவரவு நீதிபதி அதைத் தீர்மானிக்கும் வரை அகற்றல் தானாகவே நிற்கும்.

என் தம்பி டெக்சாஸில் கவுண்டிச் சிறையில் இருக்கிறார். பிணைத் தொகை போட்டுவிட்டார்கள். பெயில் ஏஜென்ட் ஒருவர் பத்து வீதம் கேட்கிறார். ஆனால் சிறையில் "ஐஸ் ஹோல்ட்" இருக்கு என்றும் சொல்கிறார்கள். 48 மணித்தியாலத்தில் விடவேண்டும் என்று கேள்விப்பட்டோம். ஐந்து நாளாகியும் விடவில்லை. காசைக் கட்டுவதா?
*- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை*

காசைக் கட்டுவதற்கு முன் இதை முழுவதும் வாசியுங்கள்.

'ஹோல்ட்' என்பது ஐ-247ஏ என்ற படிவம். 'டிடெய்னர்' என்பதும் இதுதான். "இந்த ஆளை விடுவிக்கும் நேரம் வந்தால் எமக்கு அறிவியுங்கள், மேலும் 48 மணித்தியாலம் வைத்திருங்கள்" என்று ஐஸ் சிறைக்கு எழுதும் கோரிக்கை. இதோடு ஐ-200 அல்லது ஐ-205 என்ற பிடியாணை இணைக்கப்பட வேண்டும். அந்தப் பிடியாணையில் கையொப்பமிடுவது நீதிபதி அல்ல, குடிவரவு அதிகாரி. படிவத்தின் ஒரு பிரதியைத் தம்பிக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்று அவரிடம் கேளுங்கள்.

48 மணித்தியாலத்தை எல்லோரும் பிழையாகத்தான் எண்ணுகிறார்கள். அது கைதான நேரத்திலிருந்தோ, படிவம் வந்த நேரத்திலிருந்தோ ஓடுவதில்லை. குற்றவியல் வழக்கில் விடுதலைக்கு உரியவராகும் கணத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. தம்பிக்குப் பிணை இன்னும் கட்டவில்லை. ஆகவே அந்த மணிக்கூடு இன்னும் ஓடவே தொடங்கவில்லை. ஐந்து நாள் என்பது வெறும் விளக்கமறியல்.

பிணையைக் கட்டினால் என்ன நடக்கும்? சிறைக் கதவு திறக்காது. அவர் ஐஸுக்காகக் காத்திருக்கும் ஆளாக மாறுவார். இப்படிப்பட்ட கோரிக்கை கட்டாயமல்ல, வேண்டுகோள்தான் என்று 2014இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. அதே ஆண்டில் ஒரேகன் மாநிலத்தின் கிளாக்கமாஸ் கவுண்டி, இந்தக் கோரிக்கையை மட்டும் வைத்து ஒரு பெண்ணைத் தடுத்து வைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்ற தீர்ப்பை வாங்கியது. ஆனால் உங்கள் தம்பி இருப்பது டெக்சாஸ். அங்கே 2017இல் வந்த மாநிலச் சட்டம் இந்தக் கோரிக்கைகளை ஏற்கும்படி சிறைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே அங்கே ஐஸ் வந்து எடுக்கும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

ஐஸ் எடுத்தபின் தொடங்குவது இரண்டாவது பிணை. அது குடிவரவுப் பிணை. முதலாவதுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயில் ஏஜென்டுக்குக் கொடுத்த பத்து வீதம் திரும்பி வராது. ஐஸ் வசம் இருக்கும்போது குற்றவியல் வழக்கின் திகதி வந்து, ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டு வராவிட்டால் முதலாவது பிணை பறிமுதலாகவும் கூடும். கையொப்பம் வைத்த உறவினர் முழுத் தொகைக்கும் மாட்டுவார். அதனால் வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

முதலில் தம்பியின் குற்றவியல் சட்டத்தரணியோடு பேசுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு அரசு ஒருவரை இலவசமாக நியமிக்கும். "என் கட்சிக்காரருக்கு ஐஸ் கோரிக்கை இருக்கிறது" என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து, குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைத் தனியே பிடிக்க வேண்டும். குடிவரவு நீதிமன்றத்தில் அரசுச் செலவில் சட்டத்தரணி கிடையாது. ஒவ்வொரு குடிவரவு நீதிமன்றத்துக்கும் உரிய இலவசச் சட்ட உதவி அமைப்புகளின் பட்டியலை நீதிமன்ற இணையத்தளமே வைத்திருக்கிறது. பிணையை எப்போது கட்டுவது என்பதை இந்த இரண்டு பேரும் பேசித் தீர்மானிக்க வேண்டும். சில வழக்குகளில் குற்றவியல் வழக்கை முதலில் முடிப்பது நல்லது. சிலவற்றில் சீக்கிரம் ஐஸ் கைக்குப் போய்க் குடிவரவுப் பிணை கேட்பது நல்லது. வெளியிலிருந்து நாம் ஊகிக்கக் கூடாத இடம் இது.

குடிவரவுப் பிணையின் ஆகக் குறைந்த தொகை 1,500 டொலர். அதற்கு மேல் எவ்வளவும் போகலாம். பத்து வீதம் என்ற கதை அரசோடு கிடையாது, முழுத் தொகையும் கட்ட வேண்டும். கட்டுபவர் அமெரிக்காவில் சட்டபூர்வமாக இருப்பவராக இருக்க வேண்டும். இப்போது இணையம் வழியாகவே கட்டுகிறார்கள். கொழும்பிலிருந்து காசு அனுப்பிக் கட்டுவதை விட, அங்குள்ள நம்பிக்கையான ஒருவர் கட்டுவதே நடைமுறைக்குச் சரி. வழக்கு முடிந்தபின் பணம் திரும்புவது அவர் பெயருக்குத்தான். பற்றுச்சீட்டைத் தொலைத்தால் அதை மீட்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டி வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் சொல்கிறோம். தம்பி மெக்சிகோ எல்லை வழியாக, அதிகாரிகளிடம் அனுமதி பெறாமல் உள்ளே போனவர் என்றால், அப்படிப்பட்டவர்களுக்குப் பிணை வழங்கக் குடிவரவு நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை என்று குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2025 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. பல மத்திய மாவட்ட நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆட்கொணர்வு மனு மூலம் பலரை விடுவித்தும் இருக்கிறார்கள். எந்த மாநிலத்தில் என்ன நிலை என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆட்கொணர்வு மனுவை ஆள் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் மாவட்டத்தில்தான் போட வேண்டும். ஐஸ் ஆட்களை வேறு மாநிலத் தடுப்பு முகாம்களுக்கு மாற்றுவது வழக்கம். மாற்றுவதற்கு முன் மனுப் போடுவதா, பின்னரா என்பது வழக்கின் தலைவிதியை மாற்றக்கூடும். அதனால்தான் சட்டத்தரணியை ஐஸ் வந்தபின் தேடாதீர்கள், இப்போதே தேடுங்கள் என்கிறோம்.

பிணை கட்டி 48 மணித்தியாலம் கடந்தும் ஐஸ் வரவில்லை என்றால், சிறை அவரை விட வேண்டும். சட்டத்தரணி எழுத்து மூலம் ஷெரிப்பிடம் கேட்க வேண்டும். விதியில் வார இறுதியும் விடுமுறையும் கணக்கில் இல்லை என்றிருக்கிறது. படிவத்திலோ வெறுமனே 48 மணித்தியாலம் என்றுதான் இருக்கிறது. படிவத்தைக் காட்டி வாதாடச் சொல்லுங்கள். டெக்சாஸில் காலை 8 மணி என்பது கோடை காலத்தில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அங்கே அலுவலகம் மூடும்போது இங்கே நள்ளிரவும் தாண்டிவிடும். தொலைபேசிக்குப் பக்கத்தில் இரவில் விழித்திருக்க வீட்டில் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள்.

கணவரை ஐஸ் கொண்டு போய்விட்டது. இணையத்தில் ஆளைத் தேடும் பக்கத்தில் பெயரைப் போட்டால் "இல்லை" என்றே வருகிறது. எங்கே என்று தெரியாமல் நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.
*- ஒரு மனைவி, தெஹிவளை*

அம்மா, பெரும்பாலும் ஆள் காணாமற் போகவில்லை. பெயர்தான் காணாமற் போயிருக்கிறது. இதை நாம் நம்பிக்கைக்காகச் சொல்லவில்லை. தமிழ்ப் பெயர்கள் அந்தக் கணினிக்குள் படும் பாடு அப்படி.

அந்தத் தேடல் பக்கம் இரண்டு வழியில் வேலை செய்கிறது. ஒன்று 'ஏ' இலக்கமும் பிறந்த நாடும். மற்றது முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த நாடு. பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், ஏறத்தாழ என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முடிந்தவரை 'ஏ' இலக்கத்தால் தேடுங்கள். வேலை அனுமதி அட்டையிலும், நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் கடிதத்தின் மேல் மூலையிலும், அசைலம் விண்ணப்பம் கிடைத்ததாக வந்த கடிதத்திலும் அது இருக்கும். பழைய இலக்கம் எட்டு எண்களில் இருந்தால் முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து ஒன்பதாக்குங்கள்.

இலக்கம் இல்லை என்றால் பெயர் வழிதான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தந்தை பெயரே முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்துக்குள் சிலருக்குத் தந்தை பெயர், சிலருக்குச் சொந்தப் பெயர், சிலருக்கு இரண்டும் சேர்ந்து கிடக்கின்றன. தந்தை பெயர் செல்லத்துரை, சொந்தப் பெயர் ரவி என்றால், கவுண்டிச் சிறையில் ரவி குடும்பப் பெயராகவும், ஐஸிடம் செல்லத்துரை குடும்பப் பெயராகவும் இருக்கலாம். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க வீசாவில் முதற்பெயருக்குரிய இடத்தில் 'எப்.என்.யூ.' என்று மூன்று எழுத்துகளை அடித்திருப்பார்கள், முதற்பெயர் தெரியாது என்பது பொருள். அந்த மூன்று எழுத்துகளையே முதற்பெயராகப் போட்டுத் தேடுங்கள். பலருக்கு அப்படித்தான் கிடைக்கிறது.

பின் எழுத்துக்கூட்டல். 'த' என்ற ஓசைக்கு 'டி' மட்டுமா, 'டி'யோடு 'எச்' சேர்ந்ததா; 'ழ'வுக்கு 'எல்' ஆ, 'இசட் எச்' ஆ; நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா. நீளமான பெயர் கட்டத்துக்குள் இடமில்லாமல் நடுவில் வெட்டப்பட்டிருக்கவும் கூடும். ஒரு தாளை எடுத்து எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதி, ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்துக் கோடு கிழியுங்கள். முன்பின் மாற்றியும் போடுங்கள்.

பிறந்த நாட்டில் பலர் தவறுகிறார்கள். கணவர் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவர் என்றால் இலங்கை என்று போட்டால் வராது, இந்தியா என்று போட வேண்டும். அங்கே கேட்பது குடியுரிமையை அல்ல, பிறந்த மண்ணை.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் அவர் இன்னும் கவுண்டிச் சிறையிலேயே இருக்கலாம். ஐஸ் பல கவுண்டிச் சிறைகளில் கட்டில்களை வாடகைக்கும் எடுத்து வைத்திருக்கிறது. அதனால் "ஐஸ் எடுத்தது" என்று சொன்னாலும் ஆள் அதே கட்டிடத்தில் இருப்பது உண்டு. கவுண்டி ஷெரிப்பின் இணையப் பக்கத்தில் கைதிகள் பட்டியல் தனியே இருக்கும், அங்கும் தேடுங்கள். முகாம் மாற்றும் நாட்களில் ஆள் எங்கும் தெரியாமல் இருப்பார், ஒரு நாளைக்கு இரு முறை பாருங்கள். தான் அவர் சார்பில் ஆஜராவதாக அறிவிக்கும் ஜி-28 என்ற படிவத்தைச் சட்டத்தரணி கொடுத்தால் ஐஸ் அலுவலகம் அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும்.

கலிபோர்னியாவுக்கு மாறினால் பொலிஸ் ஐஸுக்கு உதவாது, அது அடைக்கல மாநிலம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
*- ஒரு வாசகர், பம்பலப்பிட்டி*

பாதி உண்மை. 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கலிபோர்னியாச் சட்டம், டிடெய்னர் கோரிக்கைக்காக ஆளைக் கூடுதல் நேரம் தடுத்து வைப்பதைத் தடை செய்கிறது. பொலிஸ் குடிவரவு நிலையைக் கேட்கவும் கூடாது. சிறையில் ஐஸ் பேச வந்தால், பேச விருப்பமா இல்லையா என்று கைதியிடம் எழுத்தில் கேட்டுவிட்டே ஐஸைப் பேச விட வேண்டும். அந்தப் படிவத்தில் "இல்லை" என்று குறியிட உரிமை உண்டு. ஆனால் சில குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் விடுதலைத் திகதியை ஐஸுக்குச் சொல்லச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பொதுமக்கள் பார்க்கும் பட்டியலில் உள்ள திகதியை ஐஸும் பார்க்கும். சிறை வாசலில் வந்து நிற்க அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மத்திய அதிகாரிகள் எந்த நகரத்திலும் தாங்களாகக் கைது செய்யலாம். இல்லினோய், நியூயோர்க் நகரம், மசசூசெட்ஸ் ஆகியவற்றிலும் பொலிஸின் உதவிக்கு வெவ்வேறு அளவில் கட்டுப்பாடுகள் உண்டு. மசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம் 2017இல், டிடெய்னரை மட்டும் வைத்து ஆளைத் தடுக்க அந்த மாநில அதிகாரிகளுக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்று சொன்னது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் '287(ஜி)' ஒப்பந்தங்கள். 1996இல் குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. உள்ளூர்ப் பொலிஸ் ஐஸோடு ஒப்பந்தம் செய்து குடிவரவு அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். முதலில் செய்தது புளோரிடா, 2002இல். மூன்று வகை உண்டு. ஒன்றில், சிறைக்குள் உள்ள அலுவலர் கைதியை விசாரித்து ஐஸ் கோரிக்கையைத் தானே போடுகிறார். இன்னொன்றில், ஐஸ் தரும் பிடியாணையைச் சிறைக்குள் வைத்துக் கொடுத்துக் கைது செய்வது மட்டும்; அதற்கு எட்டு மணித்தியாலப் பயிற்சி போதும். மூன்றாவதுதான் வீதியில் நிற்பவர்களைப் பாதிப்பது: ரோந்துப் பொலிஸே வழியில் மறித்துக் குடிவரவு நிலையைக் கேட்கலாம். 2012இல் கைவிட்ட இந்த மூன்றாவது வகையை 2025 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 135 ஆக இருந்த ஒப்பந்தங்கள் ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின. டெக்சாஸ், புளோரிடா, ஜோர்ஜியாவில் இவை நெருக்கமாக இருக்கின்றன. எந்தக் கவுண்டி எந்த வகையில் கையொப்பமிட்டது என்ற பட்டியலை ஐஸே தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. வாடகை குறைவு, கடை வேலை இருக்கிறது என்று ஒரு ஊருக்கு மாறும் முன் அந்தப் பட்டியலில் அந்தக் கவுண்டியின் பெயரைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

பிடிபட்டதும் வாஷிங்டனில் உள்ள எங்கள் தூதரகத்துக்கு அறிவித்தால் உதவி கிடைக்குமா?
*- ஒரு வாசகி, மட்டக்குளி*

அசைலம் கேட்டவர் என்றால் சட்டத்தரணியைக் கேட்காமல் அறிவிக்க வேண்டாம். வியன்னா உடன்படிக்கையின்படி கைதானவரிடம் "உங்கள் தூதரகத்துக்கு அறிவிக்கவா?" என்று கேட்பார்கள். சில நாடுகளுக்குக் கைதி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அறிவிக்க வேண்டும் என்ற தனி உடன்பாடு உண்டு. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே "வேண்டாம்" என்று சொன்னால் அறிவிக்கப்பட மாட்டாது. அசைலம் விண்ணப்ப விபரங்களைச் சொந்த நாட்டு அரசுக்கு வெளியிடுவதை அமெரிக்க விதிகளே தடுக்கின்றன. அந்தப் பாதுகாப்பை நாமே போய்க் குலைக்கக் கூடாது. அச்சமில்லாத, கடவுச்சீட்டுக் காலாவதியான மாணவர் போன்றோருக்குத் தூதரகம் உண்மையாகவே உதவும்.

இதே காரணத்துக்காகச் சிறைத் தொலைபேசியிலும் கவனம் வேண்டும். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. "எந்த வழியால் வந்தாய், யாருக்குக் காசு கட்டினோம், கேஸில் என்ன எழுதினாய்" என்று ஒரு சொல்லும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, மருந்து தந்தார்களா, எந்தச் சிறை, 'ஏ' இலக்கம் என்ன, எந்தக் கடதாசியில் கையொப்பம் கேட்டார்கள். இவ்வளவும் போதும்.

கையொப்பம் பற்றிக் கொஞ்சம் விளக்குவீர்களா? தமிழில் பேச ஆள் தருவார்களா?
*- மேற்படி வாசகியே*

"சுயவிருப்பில் திரும்புகிறேன்", "வழக்கு விசாரணை வேண்டாம், அகற்றலை ஏற்கிறேன்" என்ற பொருளில் படிவங்கள் வரும். விளங்காமல் கையொப்பமிட்டால் நீதிபதியைப் பார்க்கும் உரிமையே போய்விடலாம். "சட்டத்தரணியோடு பேசிய பின்" என்று சொல்லி மறுக்கலாம். ஊருக்குத் திரும்பப் பயம் என்றால் அதைத் தெளிவாக வாய் திறந்து சொல்ல வேண்டும். கேட்டால் சொல்வோம் என்று இருந்தால் கேட்காமலே போகலாம். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருப்பதற்குச் சான்றாக வாடகைச் சீட்டு, சம்பளத் துண்டு, வைத்தியக் கடிதம் எதுவும் இருந்தால் அவற்றை வெளியில் உள்ள உறவினர் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். நீதிபதி முன் போகாமலே அகற்றும் துரித நடைமுறைக்குச் சட்டம் போட்டிருக்கும் எல்லை அந்த இரண்டு ஆண்டுதான்.

குடிவரவு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். பதிவில் மொழி "தமிழ்" என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இலங்கை என்றதும் சிங்களம் என்று எழுதிவிட இடமுண்டு. மொழிபெயர்ப்பாளரின் தமிழ் விளங்காவிட்டால் தலையாட்டாமல் உடனே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். தலையாட்டியது பிறகு வாக்குமூலமாக நிற்கும்.

இங்கிருந்து ஆவணம் அனுப்பும்போது மூலப் பிரதியைச் சிறைக்குத் தபாலில் போடாதீர்கள். தெளிவாக ஸ்கேன் செய்து சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு, எது தமிழில் இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும், "எனக்கு இரு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு" என்று மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்ட குறிப்பும் வேண்டும். கிராம உத்தியோகத்தர், பங்குத்தந்தை, கோயில் தலைவர் தரும் கடிதங்கள் ஒரே வசனத்தில் அச்சடித்தது போல் இருந்தால் எதையும் நம்பமாட்டார்கள். அவரவர் கண்டதை அவரவர் சொல்லில் எழுதட்டும். கடிதத்தில் உள்ள திகதியும் விண்ணப்பத்தில் உள்ள திகதியும் முரண்பட்டு வழக்கு விழுவது அடிக்கடி நடப்பது. அனுப்பும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மகள் மாணவர் வீசாவில் போகிறாள். பொலிஸ் தொல்லை வராமல் என்னென்ன சொல்லி அனுப்ப வேண்டும்?
*- ஒரு தகப்பன், கொள்ளுப்பிட்டி*

கார் ஓடும் எண்ணம் இருந்தால் இங்கேயே இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேசச் சாரதி அனுமதி எடுத்துக்கொண்டு போகட்டும். அது ஓராண்டுக்கு. அங்கே குடியிருப்பவராகக் கணிக்கப்பட்டால் கலிபோர்னியாவில் 10 நாட்களுக்குள், நியூயோர்க்கில் 30 நாட்களுக்குள் அந்த மாநில அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிகிறீர்களா?" என்று ஒரு கட்டம் வரும். அதில் "ஆம்" என்று குறியிடவே கூடாது. வேலைப் படிவத்தில் "குடிமகன்" என்ற கட்டத்திலும் கை வைக்கக் கூடாது. குடியுரிமை உண்டு என்று பொய்யாகக் கூறுவது குடிவரவுச் சட்டத்தில் ஏறத்தாழ மன்னிப்பே இல்லாத தவறு. பொலிஸிடமும் இதே விதி: மௌனமாக இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது.

18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவு அத்தாட்சியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மாணவருக்கு அது, நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு. இணையத்தில் அச்செடுத்துக்கொள்ளலாம். கூடவே கல்வி நிறுவனம் தரும் ஐ-20 படிவம், கடவுச்சீட்டின் பிரதி.

இங்கே சிறு குற்றமென்றால் நீதவான் முன் ஒப்புக்கொண்டு, தண்டப்பணம் கட்டி, மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டு போகக் கூடாது. கடையில் ஒரு முகப்பூச்சு டப்பாவை எடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், அது ஒழுக்கக்கேடான குற்ற வகையில் விழுந்து, உள்ளே வந்த ஐந்து ஆண்டுக்குள் என்பதால் நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடிவரவில் என்ன நடக்கும் என்று சொல்வது குற்றவியல் சட்டத்தரணியின் கடமை என்று 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எல்லை வழியாக வந்தவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். 2025 ஜனவரிச் சட்டத்தின்படி களவு, கடைத் திருட்டு போன்றவற்றில் வெறும் கைதே கட்டாயத் தடுப்புக்குப் போதும், தீர்ப்புத் தேவையில்லை.

குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டால், வழக்கு முடியுமுன்னே வீசா இரத்தாகலாம். 2025 வசந்த காலத்தில் மாணவர்களின் பெயர்களைப் பொலிஸ் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஆயிரக்கணக்கானோரின் மாணவர் பதிவை நிறுத்தினார்கள். தள்ளுபடியான வழக்குகளும் அதில் அகப்பட்டன. நீதிமன்றங்களில் மனுக்கள் குவிந்தபின் ஏப்ரல் இறுதியில் பதிவுகளை மீளக் கொடுத்தார்கள். ஆகவே எந்தச் சிறிய வழக்கு முடிந்தாலும் "தள்ளுபடி" என்ற நீதிமன்ற முத்திரையுள்ள உறுதிப்படுத்திய பிரதியை மகள் எடுத்து வைக்க வேண்டும். அதன் ஒரு ஸ்கேன் பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

திருப்பி அனுப்பிவிட்டால் கட்டுநாயக்காவில் என்ன நடக்கும்?
*- ஒரு சகோதரி, வத்தளை*

குடிவரவு அதிகாரிகள் விசாரிப்பார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் விசாரிக்கலாம். சொந்தக் கடவுச்சீட்டில் முறைப்படி வெளியேறியவர் மீது வெளியேறிய குற்றம் கிடையாது. படகிலோ போலிக் கடவுச்சீட்டிலோ போயிருந்தால் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தின் கீழ் நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். பிணைக்குக் குடும்பத்தில் ஒருவர் நேரில் வர வேண்டியிருக்கும். விமான இலக்கம் தெரிந்ததும் இங்குள்ள சட்டத்தரணி ஒருவருக்கு அறிவித்து, தேசிய அடையாள அட்டை, வதிவிடச் சான்றிதழ் இரண்டோடும் பிணையாளியைத் தயாராக வைத்திருங்கள். அங்கு அசைலம் கேட்டதற்கான கடதாசிகளைப் பயணப் பையில் கொண்டு வர வேண்டாம் என்று புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.